வீட்டில் கிட்டார் ஒலிப்பதிவு: மைக்கும் பிக்கப்பும் கடந்து வந்த பாதை

அக்கூஸ்டிக் கிட்டார் மின்சாரத்தின் துணையின்றித் தன் மரப்பெட்டியைக் கொண்டே ஒலி எழுப்பும் தந்திக் கருவி. அதன் ஒலியைப் பதிவு செய்ய இரண்டு வழிகள் உண்டு. காற்றில் பரவும் ஒலியை மைக் கொண்டு பிடிப்பது ஒன்று. கருவியிலேயே பொருத்தப்படும் பிக்கப்பைக் கொண்டு தந்தியின் அல்லது மரத்தின் அதிர்வை நேரடியாக மின் அலையாக மாற்றுவது மற்றொன்று. மைக் கிட்டாரோடு அறையையும் சேர்த்துக் கேட்கும். பிக்கப் அறையை அறவே கேட்காது. வீட்டு ஒலிப்பதிவின் வரலாறு பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது.

தாழ்ந்த குரல் கொண்ட கருவி

1925-க்கு முன்பு இசைத்தட்டுகள் மின்சாரம் இன்றிப் பதிவு செய்யப்பட்டன. இசைப்பவர் ஒரு பெரிய கூம்பின் முன் அமர்ந்து வாசிப்பார். ஒலியின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். உரத்த குரலும் பித்தளை ஊதுகருவிகளும் இந்த முறைக்கு ஏற்றவை. பாஞ்சோவும் ஓரளவு தாக்குப்பிடித்தது. கிட்டாரின் மெல்லிய ஒலி கூம்புக்குப் போதவில்லை. நிக் லூகாஸ் 1922-இல் பதிவு செய்தவை போன்ற தனிக் கிட்டார் இசைத்தட்டுகள் அக்காலத்தில் அபூர்வம்.

பெல் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் பணியாற்றிய ஈ. சி. வென்ட் 1916-இல் கண்டென்சர் மைக்கை உருவாக்கினார். 1925-இல் விக்டர், கொலம்பியா ஆகிய நிறுவனங்கள் மின்வழி ஒலிப்பதிவுக்கு மாறின. அதன் பிறகே கிட்டார் தனித்து நின்று கேட்கப்படும் கருவியாயிற்று. அடுத்த பத்தாண்டுகளில் பதிவுக் கருவிகள் நகரத்து ஸ்டுடியோவை விட்டு வெளியே வரத் தொடங்கின. ராபர்ட் ஜான்சன் 1936 நவம்பரில் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் இருந்த கன்ட்டர் ஹோட்டல் அறை ஒன்றில் வாசித்தார். 1937 ஜூனில் டல்லாஸ் நகரில் மீண்டும் வாசித்தார். அவர் விட்டுச் சென்ற 29 பாடல்களும் இந்த இரு அமர்வுகளில் கிடைத்தவை. ஹோட்டல் அறையில் அவர் சுவரைப் பார்த்து அமர்ந்து வாசித்ததாகப் பதிவை மேற்பார்வையிட்ட டான் லா பின்னர் கூறினார். அதைக் கூச்சம் என்று விளக்கினார். கிட்டார் கலைஞர் ரை கூடர் இதை ஏற்கவில்லை. சுவர் மூலையில் ஒலி மோதித் திரும்பும்போது நடு அலைவரிசைகள் அழுத்தம் பெறும், ஜான்சன் தெரிந்தே அவ்வாறு அமர்ந்திருக்கலாம் என்பது அவருடைய கருத்து. இரண்டில் எது உண்மை என்பது முடிவாகாத விவாதம். ஆனால் அறையும் கருவியின் ஒரு பகுதியே என்ற எண்ணத்தை அது எடுத்துக் காட்டுகிறது.

ஒரு பணிப்பெண்ணின் வீடு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் காந்த ஒலிநாடா பரவியது. மெழுகுத் தட்டில் பிழை நேர்ந்தால் தட்டு வீண்; நாடாவிலோ அழித்துவிட்டு மீண்டும் பதியலாம். ஒருவர் தூக்கிச் செல்லக்கூடிய நாடாக் கருவிகளும் விற்பனைக்கு வந்தன.

இதனால் யார் பயன் பெற்றார்கள் என்பதற்கு எலிசபெத் காட்டன் மிகச் சிறந்த சான்று. வட கரோலினாவில் பிறந்த இந்த ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் இடக்கை வழக்கம் உடையவர். வலக்கைக்காரர்களுக்காகத் தந்தி கட்டிய கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து, கட்டைவிரலால் மெட்டையும் மற்ற விரல்களால் தாழ்சுரத்தையும் வாசிக்கும் முறையைச் சிறுமியாக இருந்தபோதே தானாகக் கண்டுபிடித்தார். பின்னர் பல பத்தாண்டுகள் கிட்டாரைத் தொடவே இல்லை. வாஷிங்டனில் இசை ஆய்வாளர்களான சீகர் குடும்பத்தாரின் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தபோதுதான் மீண்டும் வாசிக்கத் தொடங்கினார். அக்குடும்பத்தின் மகன் மைக் சீகர் 1957-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1958-இன் தொடக்கத்திலும் ஒரு நாடாக் கருவியுடன் காட்டனின் வீட்டுக்கே சென்று அவர் வாசிப்பதைப் பதிவு செய்தார். ஃபோக்வேஸ் நிறுவனம் அதை 1958-இல் இசைத்தட்டாக வெளியிட்டது. அப்போது காட்டன் அறுபது வயதைக் கடந்திருந்தார்.

எந்த ஸ்டுடியோவும் அவரை அழைக்கவில்லை. கருவி வீட்டுக்கு வந்திராவிட்டால் இன்று ‘காட்டன் பாணி’ என்று உலகெங்கும் மாணவர்கள் பயிலும் விரல்முறை அவரோடு மறைந்திருக்கக்கூடும். வீட்டு ஒலிப்பதிவை மலிவான மாற்றுவழி என்று மட்டும் எழுதுவோர் இதைக் கவனிப்பதில்லை.

மேடைக்காகப் பிறந்த பிக்கப்

பிக்கப்பின் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. 1930-களில் நடன இசைக்குழுக்களில் டிரம்பெட், சாக்ஸபோன்களுக்கு நடுவே கிட்டார் கேட்கவே கேட்காது. ஹாரி டிஆர்மண்ட் அப்பத்தாண்டின் நடுவில் அக்கூஸ்டிக் கிட்டாரில் பொருத்தக்கூடிய காந்தப் பிக்கப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தார். காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பிச்சுருளின் அருகே எஃகுத் தந்தி அதிரும்போது சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. தந்தியின் அசைவு மட்டுமே இதில் பதிவாகும். மரப்பெட்டியின் பங்கு மிகக் குறைவு. நைலான் தந்திக்கு இது பயன்படவே படாது.

1954-இல் வெளிவந்த கிப்சன் ஜே-160ஈ கிட்டாரில் காந்தப் பிக்கப் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. ஜான் லெனன் இதைப் பெருக்கியோடு இணைத்து வாசித்தபோது எழுந்த ஊளை 1964-இல் ‘ஐ ஃபீல் ஃபைன்’ பாடலின் தொடக்கமாயிற்று. மற்ற கலைஞர்கள் தவிர்க்கப் போராடிய ஃபீட்பேக்கை பீட்டில்ஸ் குழுவினர் வேண்டுமென்றே தட்டில் வைத்தார்கள்.

அடுத்த மாற்றம் பியசோ பிக்கப். சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்பதை பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும் 1880-இல் கண்டறிந்தனர். 1960-களில் பார்கஸ்-பெரி நிறுவனம் இந்தத் தத்துவத்தை இசைக்கருவிகளில் பயன்படுத்தியது. ஹெலிகாப்டர் பொறியாளர் சார்லஸ் கமன் தொடங்கிய ஓவேஷன் நிறுவனம், தந்திகள் தாங்கி நிற்கும் சேடிலின் அடியிலேயே பியசோவை வைத்தது. நைலான் தந்தியும் இதில் கேட்டது, மேடையில் ஊளையும் குறைந்தது. ஆனால் சேடிலின் அடியில் தந்தியின் அழுத்தம் மிகக் கூர்மையானது. பெட்டியும் காற்றும் அதை மென்மையாக்குவதற்கு முன்பே பியசோ அதைப் பிடித்துவிடுகிறது. பலமாக மீட்டினால் வாத்துக் கத்துவது போன்ற ஒரு வறண்ட ஒலி வரும். ஆங்கிலத்தில் இதைக் ‘குவாக்’ என்றே சொல்கிறார்கள். 1989-இல் தொடங்கிய எம்டிவி அன்பிளக்ட் நிகழ்ச்சிகள் அக்கூஸ்டிக் கிட்டாருக்குப் புதிய மவுசைத் தந்தன. ‘மின்இணைப்பு இல்லாமல்’ என்று பெயரிடப்பட்ட அந்த மேடையில் 1993 நவம்பரில் கர்ட் கோபேன் வாசித்த மார்ட்டின் கிட்டார் பிக்கப் பொருத்தப்பட்டு, பெருக்கியோடு இணைக்கப்பட்டிருந்தது.

படுக்கையறையில் நான்கு தடங்கள்

1979-இல் டாஸ்காம் நிறுவனம் போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற கருவியை வெளியிட்டது. கடையில் கிடைக்கும் சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதிய முடிந்தது. ஒலித்தரத்துக்காக நாடா வழக்கமான வேகத்தைப் போல இரு மடங்கில் ஓடியது.

மூன்றாண்டுகளுக்குள் இதன் புகழ்பெற்ற பயன்பாடு நிகழ்ந்தது. ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சி மாநிலம் கோல்ட்ஸ் நெக்கில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில், தன் குழுவினருக்குப் புதிய பாடல்களைக் காட்டுவதற்காக மாதிரிப் பதிவுகள் செய்ய விரும்பினார். அவருடைய கிட்டார்களைப் பராமரித்த மைக் பாட்லன் ஒரு போர்ட்டாஸ்டுடியோவும் இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக்குகளும் கொண்டுவந்தார். பெரும்பாலான பாடல்கள் 1982 ஜனவரி 3 அன்று பதிவாயின. குரலும் கிட்டாரும் முதலில். மிஞ்சிய தடங்களில் பின்குரலும் வேறு சில கருவிகளும். பின்னர் எக்கோபிளெக்ஸ் என்ற எதிரொலிக் கருவி வழியாக எல்லாவற்றையும் ஒரு பழைய பானசோனிக் கேசட் பெட்டியில் கலந்து இறக்கினார்கள்.

அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்ததாக ஸ்பிரிங்ஸ்டீன் கூறியிருக்கிறார். நியூ யார்க்கின் பெரிய ஸ்டுடியோவில் முழுக் குழுவோடு அதே பாடல்களை வாசித்துப் பார்த்தபோது, கேசட்டில் இருந்த ஏதோ ஒன்று காணாமல் போயிருந்தது. முடிவில் கேசட்டையே வெளியிடத் தீர்மானித்தார்கள். நாடாவில் ஒலி மிகத் தாழ்ந்த அளவில் பதிவாகியிருந்ததால் அதை இசைத்தட்டாக வெட்டுவதற்குப் பொறியாளர்கள் பெரிதும் திணறினர். ‘நெப்ராஸ்கா’ 1982 செப்டம்பர் 30 அன்று வெளிவந்தது.

இந்தப் பதிவில் பிக்கப் இல்லை என்பது முக்கியம். எஸ்எம்57 ஒரு டைனமிக் மைக். 1965-இல் வந்தது, விலை குறைந்தது, கண்டென்சரைப் போல நுட்பமான செவி அதற்கு இல்லை. அந்தக் குறையே சரிசெய்யப்படாத ஓர் அறையில் நன்மையாகிறது. தூரத்து ஓசைகளை அது அதிகம் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் அறையின் காற்று ஓரளவு உள்ளே வந்துவிடுகிறது. வெளியீட்டுக்கான பதிவு என்ற நினைப்பே அப்போது இல்லாததால் யாரும் அந்தக் காற்றைத் துடைக்க முயலவுமில்லை.

அறையின் கணக்கு

வீட்டு அறை ஏன் தொல்லை தருகிறது என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். காற்றில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 3 மீட்டர் உள்ள அறையில் நிலையலைகள் சுமார் 57 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்கான 114 ஹெர்ட்ஸிலும் எழும். கிட்டாரின் ஐந்தாம் தந்தி 110 ஹெர்ட்ஸ். ஒலித்துளைக்குள் இருக்கும் காற்றும் பெரும்பாலான கிட்டார்களில் 100 ஹெர்ட்ஸை ஒட்டியே ஒத்ததிர்கிறது. சின்ன அறையில் ஒலித்துளைக்கு நேராக மைக்கை வைப்பவருக்குப் பானைக்குள் வாசித்தது போன்ற ஒலி கிடைப்பது இதனால்தான். கழுத்தும் பெட்டியும் சேரும் இடத்தை, அதாவது 12-ஆம் ஃப்ரெட் பக்கத்தை நோக்கி 20 முதல் 30 செ.மீ. தள்ளி வைக்கும் வழக்கம் இதைத் தவிர்க்கவே உருவாயிற்று. மைக்கை இன்னும் நெருக்கினால் அறை குறையும். ஆனால் ஒருதிசை மைக்குகள் நெருக்கத்தில் தாழ்சுரத்தைத் தாமே பெருக்கிவிடும்.

மைக், பிக்கப் இரண்டையும் ஒன்றாகப் பதிவு செய்வது இன்று பரவலான வழக்கம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 30 செ.மீ. தள்ளி இருக்கும் மைக்கை ஒலி அடைய ஏறக்குறைய 0.9 மில்லிவினாடி ஆகும்; பிக்கப்புக்கு அந்தத் தாமதம் இல்லை. இரண்டையும் அப்படியே கூட்டினால் 570 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒன்றை ஒன்று அழித்து ஒலி மெலிந்துவிடும். கணினித் திரையில் பிக்கப்பின் தடத்தை அந்த அளவு பின்னுக்குத் தள்ளினால் பெருமளவு சரியாகும். நாடாக் காலத்தில் இந்த வசதி எளிதாகக் கிடைத்ததில்லை.

நாடாவுக்குப் பின்

1990-களில் எண்முறைப் பதிவுக் கருவிகள் வந்தன; அதே பத்தாண்டில் கண்டென்சர் மைக்கின் விலையும் நடுத்தர வருமானக்காரர்களுக்கு எட்டும் நிலைக்கு இறங்கியது. இருந்தும் பழைய முறை மறையவில்லை. ‘அயர்ன் அண்ட் வைன்’ என்ற பெயரில் இயங்கும் சாமுவேல் பீம் ஃபுளோரிடாவில் தன் வீட்டிலேயே பதிந்த முதல் தொகுப்பு 2002-இல் வெளிவந்தது. ஜஸ்டின் வெர்னன் 2006-07 குளிர்காலத்தில் விஸ்கான்சின் காட்டுப்பகுதியில் தன் தந்தைக்குச் சொந்தமான குடிலில் தங்கி ‘பான் இவேர்’ முதல் தொகுப்பைப் பதிந்தபோது கையில் இருந்ததும் ஓர் எஸ்எம்57தான்.

பிக்கப் தரப்பில் நிகழ்ந்த புதுமை வேறு வகை. நல்ல ஸ்டுடியோவில் மைக் கேட்கும் ஒலிக்கும் அதே கிட்டாரின் பிக்கப் தரும் ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைக் கணித்துச் சேமித்து, பிக்கப்பின் ஒலிமேல் ஏற்றும் கருவிகளை ஃபிஷ்மன் முதலிய நிறுவனங்கள் 2000-களில் வெளியிட்டன. வாத்துக் கத்தல் இதனால் வெகுவாகக் குறைகிறது. ஆனால் சேமிக்கப்பட்டது வேறொரு கிட்டாரின், வேறோர் அறையின் ஒலி. ஆகவே சிலர் தம் கிட்டாருக்கான கோப்பைத் தாமே தயாரிக்கிறார்கள்: தெரு அடங்கிய நேரத்தில் மைக்கையும் பிக்கப்பையும் இரு தடங்களில் வைத்து ஓரிரு நிமிடம் வாசித்தால், மீதிக் கணக்கை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. அந்தக் கோப்பின் தரம் அன்று மைக்கை எங்கே வைத்தார்கள் என்பதைப் பொறுத்தே அமைகிறது.