திருவில்லிப்புத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயக் கோயில்கள்

திருவில்லிப்புத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயக் கோயில்கள் என்பவை தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்திலும் அதனை ஒட்டிய மதுரை மாவட்டப் பகுதியிலும் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் அமைந்த வழிபாட்டிடங்கள் ஆகும். இவற்றுள் சதுரகிரி சுந்தரமகாலிங்கம் கோயில், செண்பகத்தோப்புக் காட்டழகர் கோயில், இராசபாளையம் நீர்காத்த அய்யனார் கோயில் ஆகியன பரவலாக அறியப்பட்டவை. இப்பகுதி 1988 இல் வனவிலங்குச் சரணாலயமாகவும், 2021 இல் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டது. காடு காப்பிடமாக அறிவிக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே வழிபாடு நிகழ்ந்து வந்தமையால், வழிபாட்டு உரிமையையும் காட்டின் பாதுகாப்பையும் ஒருங்கே பேணுவது எவ்வாறு என்பது இக்கோயில்களைப் பற்றிய முதன்மையான கேள்வியாக உள்ளது.

சரணாலயம்

திருவில்லிப்புத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் சுமார் 485 சதுர கி.மீ. பரப்பளவு கொண்டது. அழிவு அச்சுறுத்தலை நெருங்கிய இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ள சாம்பல் நிற மலை அணிலைக் காப்பதற்காக இது ஏற்படுத்தப்பட்டது. இவ்வணில் இந்தியாவின் தென்பகுதியிலும் இலங்கையிலும் மட்டுமே காணப்படுகிறது. மரத்தின் உச்சிக் கிளைகளில் இலைகளாலும் சுள்ளிகளாலும் கூடு கட்டும். பெரும்பாலும் தரையில் இறங்காமல் மரத்துக்கு மரம் தாவியே இரை தேடும். எனவே மரங்களின் உச்சிகள் இடைவெளியின்றித் தொடர்ந்திருப்பது இதன் வாழ்வுக்கு இன்றியமையாதது. யானை, காட்டெருமை, வரையாடு, சிங்கவால் குரங்கு, சிறுத்தை, புலி ஆகியனவும் இக்காட்டில் வாழ்கின்றன.

சரணாலயத்தின் தென்மேற்கில் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகமும், வடமேற்கில் மேகமலையும் அமைந்துள்ளன. 2021 இல் இச்சரணாலயமும் மேகமலை வனவிலங்குச் சரணாலயமும் இணைக்கப்பட்டுத் திருவில்லிப்புத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் உருவாக்கப்பட்டது. 1,016.57 சதுர கி.மீ. பரப்புடைய இது இந்தியாவின் 51 ஆவது புலிகள் காப்பகமும், தமிழ்நாட்டின் 5 ஆவது புலிகள் காப்பகமும் ஆகும்.

கோயில்கள்

சதுரகிரி

சதுரகிரி மலையின் முதன்மையான கோயில் சுந்தரமகாலிங்கம் கோயில் ஆகும். இது மதுரை மாவட்டம் சாப்டூர் வனப்பகுதிக்குள் அமைந்திருப்பினும், பெரும்பாலான பக்தர்கள் விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புக்கு மேற்கேயுள்ள தாணிப்பாறை வழியாகவே மலையேறுகின்றனர். தேனி மாவட்டம் வருசநாட்டுப் பக்கமுள்ள உப்புத்துறையிலிருந்தும் ஒரு பாதை உண்டு.

சதுரகிரி என்னும் பெயருக்கு, நான்கு வேதங்களும் மலையாக நின்ற இடம் என்றும், சதுர வடிவில் மலைகள் சூழ்ந்த இடம் என்றும் இருவிதமாகப் பொருள் கூறப்படுகிறது. பதினெண் சித்தர்கள் வாழ்ந்த மலையாக இதனைக் கருதுவது மரபு. சுந்தரமகாலிங்கம் சற்றே சாய்ந்த நிலையில் காணப்படுகிறது. பச்சைமால் என்னும் இடையர் அறியாமல் அடித்ததால் இலிங்கம் சாய்ந்தது எனத் தலக்கதை கூறுகிறது. இக்கோயிலுக்கு மேலே சந்தனமகாலிங்கம் சன்னதியும் சட்டைமுனி குகையும் உள்ளன.

மலைப்பாதையில் வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், நாவல் ஊற்று, பிலாவடிக் கருப்பசாமி ஆகிய இடங்கள் உள்ளன. ஆடி அமாவாசை இங்கு நடைபெறும் பெருந்திருவிழாவாகும். தை அமாவாசை, மகா சிவராத்திரி, நவராத்திரி ஆகியனவும் சிறப்பாகக் கொண்டாடப்படுகின்றன. சாப்டூர் மதுரை நாயக்கர் காலப் பாளையங்களுள் ஒன்றாகவும் பின்னர் ஜமீனாகவும் விளங்கியது. 1948 ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் இத்தகைய ஜமீன் காடுகள் அரசின் பொறுப்பில் வந்தன.

காட்டழகர் கோயில்

திருவில்லிப்புத்தூருக்கு மேற்கே, மலையடிவாரமான செண்பகத்தோப்பிலிருந்து காட்டுப் பாதையில் சென்றால் காட்டழகர் கோயிலை அடையலாம். இங்கு இறைவன் சுந்தரராசப் பெருமாள். மதுரைக்கு அருகிலுள்ள அழகர்கோயில் இறைவனைப் போலவே இவரும் அழகர் என அழைக்கப்படுகிறார். காட்டுக்குள் எழுந்தருளியிருப்பதால் காட்டழகர் எனப் பெயர் பெற்றார். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பக்தர்கள் மிகுதியாக வருகின்றனர். செண்பகத்தோப்பின் மா, புளிய மரத்தோப்புகளில் சாம்பல் நிற அணிலின் கூடுகளைக் காணலாம்.

நீர்காத்த அய்யனார் கோயில்

இராசபாளையத்துக்கு மேற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில், பழையாறும் நீராறும் கூடும் இடத்தில் இக்கோயில் அமைந்துள்ளது. ஊர்ப்புறங்களில் அய்யனார் ஏரிக்கரையிலும் எல்லையிலும் காவல் தெய்வமாக வழிபடப்படுபவர். இங்கோ ஆறு தோன்றும் மலைவாயிலிலேயே காவல் நிற்கிறார். பெயரும் அதனையே குறிக்கிறது. இங்கிருந்து வரும் நீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்த்து வைக்கப்பட்டு, இராசபாளையம் நகருக்குக் குடிநீராக வழங்கப்படுகிறது. பங்குனி உத்திரம் முதன்மையான விழாவாகும்.

அம்மன் கோயில்கள்

செண்பகத்தோப்பில் பேச்சியம்மன் கோயிலும், அப்பகுதி மலைச்சரிவில் இராக்காச்சி அம்மன் கோயிலும் உள்ளன. சுற்று வட்டாரச் சிற்றூர் மக்கள் பலருக்கு இவை குலதெய்வக் கோயில்கள் ஆகும்.

அமைப்பு

திருவில்லிப்புத்தூர் நகரில் 11 நிலைகளும் 192 அடி உயரமும் கொண்ட பெருங்கோபுரம் உள்ளது. காட்டுக் கோயில்களின் அமைப்பு இதனின்றும் முற்றிலும் வேறானது. பாறை, குகை, ஊற்று, மரம் ஆகியவற்றில் ஒன்றையே தலமாகக் கொண்டு, அதனைச் சுற்றிச் சிறிய சன்னதியும் மண்டபமும் எழுப்பப்பட்டுள்ளன. பல இடங்களில் கட்டடம் என்று தனியே எதுவுமில்லை. மரத்தடியில் ஒரு கல், அதன் மேல் ஒரு துணி, அருகில் ஒரு வேல் ஆகியனவே கோயிலாக உள்ளன. சதுரகிரியில் கட்டுமானப் பொருட்களைத் தலைச்சுமையாகவே மேலே கொண்டு செல்ல வேண்டியிருப்பதும் இவ்வெளிமைக்கு ஒரு காரணமாகும். காலப்போக்கில் நிகழ்ந்த திருப்பணிகளால் சிமெண்டுத் தளங்களும் தகரக் கூரைகளும் சேர்ந்தன. பக்தர்களுக்கு உணவளிக்க அன்னதான மடங்களும் தோன்றின.

நீர்வளம்

இம்மலைகளின் கிழக்கே உள்ள சமவெளி மழை மறைவுப் பகுதி ஆகும். விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு சராசரி மழை ஏறத்தாழ 800 மி.மீ. அளவிலேயே உள்ளது. இந்த வறண்ட காற்றே சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் வளரத் துணைபுரிந்தது. ஆனால் அச்சமவெளியின் ஆறுகள் தோன்றுவது இக்காட்டில்தான். வத்திராயிருப்புப் பகுதியில் பிலவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகள் மலைநீரைத் தேக்கி நெல் வயல்களுக்கு வழங்குகின்றன. அப்பகுதி ஓடைகளின் நீரைப் பெறும் அர்ச்சுனா நதி இருக்கன்குடி மாரியம்மன் கோயிலருகே வைப்பாற்றுடன் கலக்கிறது. வைப்பாறு மன்னார் வளைகுடாவில் சேர்கிறது.

மேற்கூறிய கோயில்கள் பெரும்பாலும் ஓடை தோன்றும் இடத்திலோ, கூடும் இடத்திலோ, சமவெளியில் இறங்கும் இடத்திலோ அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. அவ்விடத்து மரத்தை வெட்டுவதும் நீரைக் கெடுப்பதும் தெய்வக் குற்றமாகக் கருதப்பட்டன. ஆகவே இவ்வழிபாடு காட்டின் சில பகுதிகளுக்கு ஒரு காவலாகவும் அமைந்தது. அதே ஓடைகளின் கரையில் இன்று விழா நாட்களில் பெருந்திரளானோர் கூடும்போது, கழிவும் குப்பையும் முதலில் சேர்வதும் அந்நீரில்தான்.

பளியர்

இம்மலைகளின் தொல்குடியினர் பளியர் ஆவர். தேன், கிழங்கு, மூலிகை முதலியன சேகரித்து வாழ்ந்த இவர்கள், தற்போது செண்பகத்தோப்பு, தாணிப்பாறை, அத்திகோயில், அய்யனார்கோயில் முதலிய அடிவாரக் குடியிருப்புகளில் வசிக்கின்றனர். மலைப்பாதைகளையும் ஊற்றுகளையும் நன்கறிந்தவர்களாதலால் பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் சுமை தூக்குபவர்களாகவும் இருந்து வந்துள்ளனர். காட்டில் இவர்களுக்குள்ள உரிமைகளை 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்கிறது. கோயிலுக்குச் செல்லும் பாதை மூடப்படும் நாட்களில் இக்குடும்பங்களின் வருவாயும் குறைகிறது.

சட்ட நிலை

1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தேசியப் பூங்காவாக அறிவிக்கப்படும் நிலத்தின் உரிமைகள் அனைத்தும் அரசைச் சேர வேண்டும். சரணாலயத்திலோ, ஏற்கெனவே உள்ள உரிமைகளைத் தொடர அனுமதிக்க இடமுண்டு. திருவில்லிப்புத்தூர் சரணாலயமாக இருப்பதால் இவ்வேறுபாடு இங்கு முக்கியமானது. எனினும் 1980 ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், மைய அரசின் ஒப்புதலின்றிக் காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற இயலாது. எனவே பாதையை அகலப்படுத்துதல், புதிய கட்டடம் எழுப்புதல் போன்ற பணிகளைக் கோயில் நிர்வாகம் தன்னிச்சையாகச் செய்ய முடியாது. சதுரகிரிக் கோயிலின் நிர்வாகம் இந்து சமய அறநிலையத் துறையிடமும், அதற்குச் செல்லும் காடும் பாதையும் வனத்துறையிடமும் உள்ளன.

2015 வெள்ளமும் கட்டுப்பாடுகளும்

2015 மே மாதத்தில் சதுரகிரி மலையில் பெய்த திடீர் மழையால் ஓடைகளில் வெள்ளம் பெருக்கெடுத்தது. பக்தர்கள் பலர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தனர். அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மேல் மலையில் பெய்யும் மழை சிறிது நேரத்தில் ஓடையை நிரப்பிவிடும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

இதன்பின் பல ஆண்டுகள், அமாவாசை, பௌர்ணமி, பிரதோசம் ஆகியவற்றை ஒட்டிய சில நாட்களில் மட்டுமே மலையேற அனுமதி வழங்கப்பட்டது. இரவில் மலையில் தங்குவதற்குத் தடை விதிக்கப்பட்டது. நெகிழிப் பொருட்களும் தீப்பெட்டி முதலிய எளிதில் தீப்பற்றும் பொருட்களும் தாணிப்பாறை வாயிலில் சோதிக்கப்படுகின்றன. கனமழை பெய்யும் நாட்களிலும் காட்டுத்தீ ஏற்படும் காலங்களிலும் பாதை மூடப்படுகிறது. கூடுதல் நாட்கள் அனுமதி கோரும் வழக்குகள் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்றுள்ளன.

இக்கட்டுப்பாடுகள் தலைமுறைகளாக இருந்துவரும் வழிபாட்டு உரிமையைக் குறைப்பதாகப் பக்தர்கள் கருதுகின்றனர். பாதுகாப்பான பாலங்களும் கழிப்பிடங்களும் வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. வசதிகள் பெருகினால் கூட்டமும் பெருகும், அதனால் யானைகளின் வழித்தடமும் நீர்நிலைகளும் பாதிக்கப்படும் என்பது காட்டுயிர் ஆர்வலர்களின் கருத்தாகும்.

ஒப்பீடு

இந்தியாவின் வேறு பல காப்பிடங்களிலும் இத்தகைய நிலை காணப்படுகிறது.

பெரியாறு புலிகள் காப்பகத்தில் சபரிமலைக் கோயில் உள்ளது. அக்காப்பகத்திலேயே, தமிழக எல்லையில் அமைந்த மங்கலதேவி கண்ணகி கோயில் ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரைப் பௌர்ணமி நாளில் மட்டும் மக்களுக்குத் திறந்துவிடப்படுகிறது.

களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் உள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசையன்று பெருந்திரளானோர் கூடுகின்றனர்.

இராசத்தானின் இரந்தம்பூர் தேசியப் பூங்காவில் உள்ள கோட்டைக்குள் பிள்ளையார் கோயில் உள்ளது. இக்கோட்டை 2013 இல் யுனெசுக்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது.

புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் உள்ள வழிபாட்டிடங்களுக்கான பயணத்தை ஒழுங்குபடுத்த வேண்டும் என, தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2012 இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இரந்தம்பூர்க் கோட்டையைப் போன்ற சின்னங்களில் கட்டடமே காக்கப்பட வேண்டிய பொருளாகும். திருவில்லிப்புத்தூர் மலைக் கோயில்களிலோ ஊற்றும் மரமும் பாறையுமே தலத்தின் உறுப்புகள். காடு குன்றினால் கட்டடம் எஞ்சினாலும் தலம் எஞ்சாது. இங்கு கோயிலைக் காப்பதும் காட்டைக் காப்பதும் வெவ்வேறு பணிகள் அல்ல.