பெர்மிட் சிமெண்டும் மேஸ்திரியின் கையும்

இன்று சிமெண்ட் வாங்கப் போனால் எத்தனை மூட்டை என்று மட்டும்தான் கடைக்காரர் கேட்கிறார். 1978-ல் அப்பா லால்குடியில் வீடு கட்டியபோது அப்படியில்லை. அன்று சிமெண்டின் விலையும் வினியோகமும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. வீட்டு பிளானைக் கையில் வைத்துக்கொண்டு பெர்மிட்டுக்காக நடையாய் நடக்க வேண்டும். டால்மியாபுரம் ஆலை 1939-லிருந்து எங்கள் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அப்பா கேட்ட 150 மூட்டையில் 60-க்குத்தான் பெர்மிட் வந்தது.

மீதியை வெளியில்தான் வாங்க வேண்டும். தட்டுப்பாடு இருந்தால் கலப்படமும் இருக்கும் அல்லவா? அப்போது சிமெண்ட் சாக்கு மூட்டையில் வரும். ஆலையிலிருந்து நல்லதாகத்தான் கிளம்பும். வழியில் சிலர் தையலைப் பிரித்து, சாம்பலையோ கல்மாவையோ கலந்து, மறுபடி தைத்துவிடுவார்கள்.

எங்கள் மேஸ்திரி பள்ளிக்கூடம் போனவரில்லை. மூட்டைக்குள் முழங்கை வரை கையை விடுவார். குளுகுளுவென்று இருக்க வேண்டும். விரலில் தேய்த்தால் மாவாக வழுக்க வேண்டும், நறநறவென்றால் சந்தேகம். வாளித் தண்ணீரில் ஒரு பிடி போட்டால் நல்ல சிமெண்ட் சற்று மிதந்துதான் அமிழும். செங்கல் என்றால் இரண்டைத் தட்டி மணிச்சத்தம் கேட்பார், நகத்தால் கீறிப் பார்ப்பார். மணலைக் கண்ணாடி பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வைப்பார். மேலே படியும் வண்டல் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

வெளியில் வாங்கிய ஒரு லோடு வந்த அன்று மூட்டைக்குள் கையை விட்டவர் முகம் சுளித்தார். "ஐயா, இதைக் குழைச்சு ஒரு வில்லை தட்டித் தண்ணியில போட்டு வைப்போம். நாளைக்குக் கெட்டியா இருந்தா வேலையில சேர்ப்போம். ஒரு நாள் பொறுங்க" என்றார்.

அக்கா கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருந்தது. ஐப்பசி மழையும் தலைக்கு மேல் நின்றது. "ஆளெல்லாம் வந்தாச்சு மேஸ்திரி, வேலையைப் பாருங்க" என்றார் அப்பா. அந்த லோடு சமையலறை சன்ஷேடுக்குப் போயிற்று.

ஒன்பது வருஷம் கழித்து ஒரு மழைநாளில் அந்த சன்ஷேடு அப்படியே விழுந்தது. அதன் கீழே பாத்திரம் தேய்த்துவிட்டு அம்மா உள்ளே போய் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. உடைந்த துண்டைக் கையால் பிசைந்தேன், உதிர்ந்தது. பெர்மிட் சிமெண்டில் போட்ட முன்கூடத்துத் தளம் இன்றும் கல்லாக இருக்கிறது.

அப்பா அன்று யாரையும் திட்டவில்லை. ஒரு துண்டை எடுத்துத் திண்ணை மாடத்தில் வைத்தார். வீடு கட்டப் போகிறேன் என்று யார் வந்தாலும் அதை அவர் கையில் கொடுத்து, "ஒரு நாள் பொறுக்காததுக்குக் கிடைச்சது" என்பார்.

1982 பிப்ரவரியில் கட்டுப்பாடு பாதி நீங்கியது. 1989 மார்ச்சில் முழுவதும் போயிற்று. பெர்மிட்டோடு, மூட்டைக்குள் கைவிட்டுப் பார்க்கும் பழக்கமும் போய்விட்டது. ஆனால் மோசடி போகவில்லை. இன்று கிரஷர் தூசியை எம்.சாண்ட் என்று விற்பவர்களும் உண்டு. மூட்டையில் அச்சிட்ட வாரத்தையும் வருஷத்தையும் பார்த்து வாங்குங்கள்; மூன்று மாதம் தாண்டிய சிமெண்டுக்கு வலு குறையும்.

மகன் வீடு கட்டியபோது நான் வில்லை தட்டித் தண்ணீரில் போட்டேன். இன்ஜினியர் தம்பி சிரித்தார். சிரிக்கட்டும். ஒரு நாள்தானே!