வீட்டுப் படச்சுருள்கள் (கொங்கு நாடு)

திரையரங்குக்காக இல்லாமல், குடும்பத்தார் தங்களுக்காக எடுத்து வைத்துக்கொண்ட சலனப்படங்களே வீட்டுப் படச்சுருள்கள். கல்யாணம், மாரியம்மன் நோம்பி, வெளிநாட்டுப் பயணம், புதிதாக வாங்கிய கார் என்று இவற்றின் உள்ளடக்கம் ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை. மாறுவது அவற்றைப் பாதுகாக்கும் விதம்தான்.

கோவைக்கும் சலனப்படத்துக்கும் உறவு பழையது. இவ்வூரில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ரயில்வே ஊழியராக இருந்தபோது, 1905இல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் துண்டுப் படங்களையும் வாங்கிக் கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற திரையரங்கைத் திறந்தார். பின்னர் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும் வந்தன. இவை 35 மி.மீ. சுருளை நம்பிய தொழில்கள். வீட்டுக்குள் கேமரா நுழையச் சின்னச் சுருள் தேவைப்பட்டது. 1922இல் பாத்தேயின் 9.5 மி.மீ., 1923இல் கோடாக்கின் 16 மி.மீ., 1932இல் 8 மி.மீ., 1965இல் சூப்பர் 8 என அது படிப்படியாக வந்தது.

சுருளும் கேமராவும் கப்பலில் வரவேண்டியிருந்ததால் வசதி படைத்த சிலருக்கே அது எட்டியது. அவர்களில் பெயர் பெற்றவர் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு (1893–1974). பஸ் கம்பெனி, மோட்டார், ரேசர் என்று பலதிலும் கைவைத்த அவர் கேமராவையும் விடவில்லை. 1936 ஜனவரியில் லண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம்பிடித்தார். செய்திப்படக் குழுக்கள் எடுத்த அதே நிகழ்ச்சியைக் கோவைக்காரர் ஒருவர் தம் விருப்பத்துக்கு எடுத்தார் என்பதே இதன் மதிப்பு.

பழைய சுருள் என்றாலே தீப்பிடிக்கும் என்ற பயம் பலருக்கு உண்டு. அது 35 மி.மீ. நைட்ரேட் சுருளைப் பற்றியது. வீட்டுச் சுருள்கள் தொடக்கத்திலிருந்தே பெரும்பாலும் அசிடேட்டால் ஆனவை. அவை எளிதில் தீப்பற்றுவதில்லை, புளித்துப்போகின்றன. வெப்பமும் ஈரமும் பட்டால் அசிடேட் சிதைந்து அசிட்டிக் அமிலம் கசியும். டப்பாவைத் திறந்ததும் காடி வாசனை மூக்கில் ஏறினால் சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள். சுருங்கி, நெளிந்து, கடைசியில் படப்பூச்சு உரியும். 21 டிகிரி வெப்பத்திலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் வைத்த புதுச் சுருளில் இது தொடங்கச் சுமார் 40 ஆண்டுகள் ஆகும் என்பது ஆய்வாளர் கணிப்பு. சித்திரை வெயிலில் காயும் ஓட்டு வீட்டுப் பரணுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இறுக மூடிய தகர டப்பா இன்னும் மோசம்; கசிந்த அமிலம் வெளியேற வழியின்றிச் சிதைவை விரைவாக்கும். காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், வீட்டிலேயே குளிர்ந்த, உலர்ந்த அறையில், தரைமட்டத்துக்குச் சற்று மேலே வைப்பது நல்லது.

பரணிலிருந்து இறக்கிய சுருளை ஆசையாகப் பழைய புரொஜெக்டரில் ஓட்டிப் பார்ப்பதுதான் வழக்கமாக நடக்கும் சேதம். சுருங்கிய சுருளின் ஓரத் துளைகளில் புரொஜெக்டரின் கொக்கி சரியாக விழாது. இழுக்க இழுக்கத் துளை கிழியும். சுருளை டிஜிட்டலாக்கும் இன்றைய ஸ்கேனர்களில் பலவற்றுக்குக் கொக்கியே கிடையாது. உருளைகள் மெதுவாக நகர்த்த, ஒவ்வொரு பிரேமும் தனித்தனிப் படமாகப் பதிவாகும். 50 அடி சூப்பர் 8 சுருளில் 3,600 பிரேம்கள். நொடிக்கு 18 என்று ஓட்டினால் 3 நிமிடம் 20 நொடி. அந்த வேகத்தைப் பாராமல் 25 பிரேமாக ஓட்டிக் கொடுப்பவர்களும் உண்டு. அதில் மணப்பெண் சாப்ளின் போல ஓடுவாள். கோடாக்ரோம் சுருளானால் இருட்டில் இருந்தவரை நிறம் அப்படியே இருக்கும். மற்ற பல வண்ணச் சுருள்கள் இளஞ்சிவப்பாக வெளிறியிருக்கும். அதை ஓரளவு கணினியில் மீட்கலாம்.

1980களில் வீடியோ வந்ததும் சுருள் ஒதுங்கியது. டெக் வாடகைக்கு எடுத்துக் கல்யாண கேசட் பார்த்த தலைமுறையின் நினைவுகள் விஹெச்எஸ்ஸில் இருக்கின்றன. அந்த டெக்குகளைத் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே கேசட்டுகளுக்கு அவசரம் சுருளைவிட அதிகம். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் பலர் கேசட்டை விசிடியாக மாற்றிவிட்டு மூலத்தை எறிந்தார்கள். விசிடியின் தெளிவு வெறும் 352×288 புள்ளிகள். எறிந்த கேசட்டில் இருந்தது அதைவிடக் கூடுதல். ஸ்கேன் முடிந்ததும் சுருளை எறிபவர்கள் செய்வதும் இதுவே. ஸ்கேன் என்பது அன்றைய கருவிக்கு எட்டிய ஒரு பிரதி, அவ்வளவுதான்.

புனேயில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் முதன்மை அக்கறை திரையரங்குப் படங்கள். 2014இல் மும்பையில் உருவான ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் 2017இல் சென்னையில் சுருள் பாதுகாப்புப் பயிற்சி நடத்தியது. பிரிட்டிஷ் குடும்பங்கள் இந்தியாவில் எடுத்த வீட்டுப் படங்களைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையம் டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறது. நம்மவர் எடுத்தவை பெரும்பாலும் எடுத்தவர்களின் பேரன் பேத்திகளிடமே தங்கியிருக்கின்றன.

வீட்டுச் சுருள்களில் பெரும்பாலானவற்றில் ஒலி கிடையாது. யார் யார் என்ற குறிப்பும் இருக்காது. அதனால் டிஜிட்டல் பிரதியை அப்புச்சிக்கோ அப்பத்தாவுக்கோ போட்டுக் காட்டும்போது அவர்கள் சொல்லும் பேர், ஊர், உறவுமுறையைச் செல்போனில் பதிந்து, அந்த ஒலிக்கோப்பையும் படத்தோடு ஒரே போல்டரில் வைப்பது வழக்கமாகிவருகிறது.