கிரகணமும் கடிதப் பக்கமும்

சண்டிலிப்பாயில் பிறந்து, இன்று கனடாவில் கல்லூரியொன்றில் கற்பிக்கும் மருமகள் ஒருத்தி எனக்கு உண்டு. 2020இல் கொரோனாப் பெருந்தொற்று வந்தபோது அவளது வகுப்புகள் யாவும் இணையத்துக்கு மாறின. ஓரிரவு தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, திரையிலை முப்பது சதுரம் தெரியுது. கதைக்கிறது மூன்று பேர்தான். மிச்சப் பேரைக் கதைக்க வைக்கிறது எப்பிடி?" என்றாள். ஒருநாளேனும் வகுப்பறையில் நின்று கற்பித்தறியாத என்னிடம் இதை ஏன் கேட்கிறாய் என்றேன். "நீங்கள் பத்திரிகையிலை கனகாலம் வாசகர் கடிதப் பக்கம் பார்த்தனீங்கள்தானே" என்றாள்.

கேள்வி நியாயமானதே. அன்று அவளுக்குத் திருப்தியான பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் அவள் பிறந்த ஊரைச் சுற்றிச் சில கட்டை தூரத்துக்குள்ளேயே அந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது என்பது பின்னர் நினைவுக்கு வந்தது.

சண்டிலிப்பாய் என்றதும் பலருக்கும் கல்வளைப் பிள்ளையார் நினைவுக்கு வருவார். நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் கல்வளையந்தாதி பாடியது அவர்மீதுதான். புலவர்கள் வாழ்ந்த அக்காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் மாணவர்கள் வாயே திறவாமல் மனனம் செய்தார்கள் என்று நம்மிற் பலர் நினைக்கிறோம். அது பாதி உண்மை. அவர்கள் படித்த நன்னூலே வேறு கணக்குச் சொல்கிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு ஒழுங்காகக் கேட்டாலும் புலமையிற் காற்பங்குதான் வரும். உடன்கற்போருடன் பயில்வதால் இன்னொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு பிறருக்கு எடுத்துரைக்கும்போதே வரும் என்பது பவணந்தி முனிவரின் கணக்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே முக்காற்பங்கை ஆசிரியரின் வாய்க்கு வெளியே வைத்துவிட்டார். திண்ணையில் அந்த முக்காற்பங்கைக் கவனித்தவர் பெரும்பாலும் சட்டாம்பிள்ளை. அவர் கையிற் பிரம்பும் இருந்தது.

1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். அதன் முதல் அதிபர் டானியல் பூவர். அவரது நோக்கம் மதமாற்றம் என்பதில் ஐயமில்லை. அதை அவர் மறைத்தவருமல்லர். எனினும் விவாதமொன்றை நடத்துவது எப்படி என்பதை அந்த மனிதர் அறிந்திருந்தார் என்பதற்கு 1829ஆம் ஆண்டுக் கிரகணமே சாட்சி.

வட்டுக்கோட்டைக்கு அயலூரான அராலியில் விசுவநாத சாஸ்திரியார் என்ற பெயர்பெற்ற பஞ்சாங்க கணிதர் வாழ்ந்தார். அவ்வாண்டு மார்ச்சு மாதம் நிகழவிருந்த சந்திர கிரகணத்தை அவரது பஞ்சாங்கம் குறித்திருந்தது. பூவரும் அதைக் கணித்துப் பார்த்தார். கிரகணம் தொடங்கும் நேரம், நீடிக்கும் நேரம், சந்திரன் மறையும் பங்கு ஆகிய மூன்றிலும் இருவர் கணக்கும் வேறுபட்டன. பூவர் பிரசங்க மேடையேறிச் சாஸ்திரியாரைப் பழித்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல் வேறுபாட்டை முன்கூட்டியே ஊரறியச் சொன்னார். குறித்த இரவில் மாணவரும் ஊராரும் வானத்தைப் பார்த்தார்கள். கிரகணம் பூவரின் கணக்கையொட்டியே நிகழ்ந்தது.

இந்நிகழ்வை மேற்கத்திய விஞ்ஞானத்தின் வெற்றியாகவே மிஷன் சார்ந்தவர்கள் எழுதிவந்தார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. யார் பெரியவர் என்ற கேள்வியை, எவரும் தம் கண்ணால் பார்த்துத் தீர்க்கக்கூடிய கேள்வியாக அவர் மாற்றினார். வாயாடியும் வாய் திறவாதவனும் ஒரே சந்திரனைத்தான் பார்த்தார்கள். அத்தோடு, சாஸ்திரியாரின் கணித மரபு ஒதுக்கப்படவும் இல்லை. பூவருக்குப் பின் அதிபரான ஹொய்சிங்டன், தமிழ்ச் சோதிட நூலான உள்ளமுடையானை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, விளக்கங்களுடன் 1848இல் அச்சிட்டார். சங்குவேலியைச் சேர்ந்த நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1850இல் நியாய இலக்கணம் என்ற தருக்க நூலைத் தமிழில் வெளியிட்டார். வாதிடுவதற்கும் ஓர் இலக்கணம் தேவை என்று அந்த வட்டாரம் உணர்ந்திருந்தது.

இனி மானிப்பாய்க்கு வருவோம். சண்டிலிப்பாய்க்கு அடுத்த ஊர்தான். மிஷன் அச்சகம் அங்கே இருந்தது. 1841 ஜனவரி 7ஆம் திகதி உதயதாரகை அங்கிருந்து வெளிவந்தது. தமிழும் ஆங்கிலமும் கலந்த, மாதமிருமுறை இதழ். ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் செமினரியில் பயின்ற தமிழர்கள். இதழின் பக்கங்களைப் பார்த்தால் பாதி வகுப்பறை, பாதி சண்டைக்களம். புரட்டஸ்தாந்தர், கத்தோலிக்கர், சைவர் என மூன்று தரப்பாரும் அதில் மோதிக்கொண்டார்கள்.

அக்காலத்தில் பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் பாடசாலையில் கற்பித்துக்கொண்டும், அவரது வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவிக்கொண்டும் இருந்த இளைஞர் ஒருவர், தம் பெயரை மறைத்து உதயதாரகைக்கு ஒரு கடிதம் எழுதினார். வேதாகமத்திலேயே ஆலயமும் அதற்குரிய கிரியைகளும் விதிக்கப்பட்டிருக்க, சைவரின் ஆலயக் கிரியைகளை மட்டும் பழிப்பது எங்ஙனம் பொருந்தும் என்பது அதன் சாரம். எழுதியவர் பின்னாளில் நாவலர் என்று போற்றப்பட்ட ஆறுமுகம். கிறிஸ்தவத்தைப் பரப்பவென்றே தொடங்கிய இதழ் அந்தக் கடிதத்தை அச்சிட்டது.

கடிதப் பக்கம் பார்த்தவன் என்ற முறையில் இந்த இடத்தில் நான் சற்றுத் தலைகுனிய வேண்டியிருக்கிறது. நான் வேலைசெய்த பத்திரிகையொன்றில், எங்கள் ஆசிரிய தலையங்கத்தைக் கடுமையாக மறுத்து ஒரு பாடசாலை ஆசிரியர் எழுதிய கடிதத்தை "நீளம் அதிகம்" என்று நானே ஒதுக்கினேன். நீளம் காரணமல்ல. அதில் இருந்த கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அவர் பிறகு எழுதவேயில்லை. அடிக்கடி எழுதும் நாலைந்து பேரின் கடிதங்களால் பக்கம் வாரந்தோறும் நிறைந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது உயிருள்ள பக்கமாகவே தெரிந்திருக்கும்.

பேசாதவர்களைப் பற்றிப் பேசும்போது யாழ்ப்பாணத்தான் தப்பித்துக்கொள்ள முடியாத ஒரு விடயம் உண்டு. வகுப்பில் யார் பேசுவது என்பதற்கு முன்னால், யார் எங்கே இருப்பது என்ற கேள்வி இங்கே இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பாடசாலைக்குள் வந்தாலும் தரையில் இருத்தப்பட்டார்கள், மற்றவர்களுக்கு வாங்கு. 1930ஐ ஒட்டி, அரச உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வேண்டும் என்ற விதி வந்தபோது குடாநாட்டில் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. பாடசாலைகள் எரிக்கப்பட்டன. 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் இச்சமத்துவத்துக்காக வாதாடியது. அதன் முன்னணியில் நின்ற ஹன்டி பேரின்பநாயகம் மானிப்பாயில் பிறந்தவர், தொழிலால் ஆசிரியர். தரையில் இருத்தப்பட்ட பிள்ளையிடம் "நீ ஏன் வாய் திறக்கிறாயில்லை?" என்று ஓர் ஆசிரியர் கேட்டிருந்தால் அது எத்தகைய கேள்வியாக இருந்திருக்கும்!

இவற்றையெல்லாம் சில வாரங்களுக்குப் பிறகு மருமகளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். அவளும் சும்மா இருக்கவில்லை. விவாதத்துக்குரிய கேள்வியை வகுப்புக்கு இரண்டு நாள் முன்னரே எழுத்தில் அனுப்பி, ஒவ்வொருவரும் பத்து வரி எழுதிவிட்டு வரவேண்டும், இன்னொருவர் எழுதியதற்கு மறுமொழியும் தரவேண்டும் என்று மாற்றியிருந்தாள். தான் முதலில் கருத்துச் சொல்வதை நிறுத்திவிட்டாள். என்றுமே முகம் காட்டாத மாணவன் ஒருவன் பத்து வரிக்குப் பதிலாக இரண்டு பக்கம் எழுதி, அவளது பாடக் குறிப்பிலேயே ஒரு பிழையைக் காட்டியிருந்தானாம். அதை வகுப்பு முழுவதற்கும் அப்படியே அனுப்பினாள்.

"அவன் ஏன் இவ்வளவு நாளும் கதைக்கேல்லை?" என்று கேட்டேன்.

"வேலை முடிஞ்சு பஸ்ஸிலை வரேக்கைதான் மாமா என்ரை வகுப்பு. கைத்தொலைபேசியிலை கேட்டுக்கொண்டு வாறவன். பக்கத்திலை ஆக்கள் இருக்கேக்கை எப்பிடிக் கதைக்கிறது?" என்றாள்.