சீட்டு விழுந்த நிலமும் யூபிலி ஆண்டும்

நம் பங்கு யூபிலி விழாக் கொண்டாடும் இவ்வேளையில், அச்சொல்லின் வேரைத் தேடிப் பார்ப்பது பயனுடையது. "யோபேல்" என்னும் எபிரேயச் சொல் ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிக்கும். ஐம்பதாம் ஆண்டில் அக்கொம்பு ஊதப்பட்டதும் அடிமையானவன் விடுதலை பெற வேண்டும். வறுமையால் நிலத்தை விற்றவன் தன் நிலத்துக்குத் திரும்ப வேண்டும். இது லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் வகுக்கும் சட்டம். ஆக, முதல் யூபிலி மண்ணைப் பற்றிய விழாவாகும். அதன் உட்பொருள் விளங்க, அந்த மண் ஆதியில் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதை அறிய வேண்டும்.

மோயீசன் காலத்தில் மோவாபுச் சமவெளியில் 20 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆடவர் எண்ணப்பட்டனர். தொகை 6,01,730 என்கிறது எண்ணாகமம். பெரிய கோத்திரத்துக்குப் பெரிய பங்கு, சிறியதற்குச் சிறிய பங்கு. எந்த இடம் எவருக்கு என்பதைச் சீட்டே காட்டும் என்பது கட்டளை. பின்னர் யோசுவாவின் காலத்தில் ஏழு கோத்திரங்கள் இன்னும் பங்கு பெறாதிருந்தன. கோத்திரத்துக்கு மூவராக ஆட்கள் சென்று, நாட்டைச் சுற்றி வந்து, ஊர் ஊராக எழுதிக் கொணர்ந்தார்கள். சீலோவில் ஆண்டவரின் திருமுன் சீட்டுப் போடப்பட்டது. அளவில் நீதி இருந்தது. இடத்தில் இறைசித்தம் இருந்தது. செல்வாக்குள்ளவன் நல்ல பள்ளத்தாக்கைத் தனக்கென்று வளைத்துக்கொள்ள வழியில்லை. தலைவரான யோசுவா எல்லாருக்கும் கடைசியாகவே தம் பங்கைப் பெற்றார்.

லேவி கோத்திரத்துக்கு நாட்டில் பங்கில்லை. வசிக்க 48 ஊர்கள் மட்டும் கிடைத்தன. ஆண்டவரே அவர்களுடைய பங்கு. ஆண் வாரிசின்றி இறந்த செலோபுகாதின் ஐந்து புதல்வியர் மோயீசன் முன் துணிந்து நின்று தந்தையின் பங்கைக் கேட்டனர். அவர்கள் கேட்பது நியாயமே என்று ஆண்டவர் தீர்ப்பளித்தார். நிலம் இறைவனுடையது, மனிதன் அதில் தங்கி உழைக்கும் விருந்தாளி என்பதே இவை அனைத்தின் சாரம். இதனால்தான் நாபோத்து தன் திராட்சைத் தோட்டத்தை ஆக்காபு அரசனுக்கு விற்க மறுத்தான். அதற்காக உயிரையும் இழந்தான்.

இத்தகைய வழக்கம் நம் தமிழகத்துக்கும் புதிதன்று. தொண்டை மண்டலத்து ஊர்களில் "கரையீடு" என்னும் முறை இருந்தது. ஊரின் நன்செயைக் கரைகளாகப் பிரித்துப் பங்காளிகள் பகிர்ந்துகொள்வர். நிலையாகப் பிரித்துக்கொண்டது அறுதிக்கரை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிப் பங்கிட்டது பசுங்கரை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லிஸ் துரை மிராசு உரிமை பற்றி எழுதியபோது இதனை விவரித்துள்ளார். ஆனால் ஒரு பெருங்குறை உண்டு. இஸ்ராயேலில் சிறிய கோத்திரத்துக்கும் பங்கு இருந்தது. இங்கோ உழுது நட்டு அறுத்த சேரி மக்களுக்குக் கரையில் பங்கே இல்லை.

அக்குறையை 1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த திரமென்ஹீர் தம் அறிக்கையில் அரசுக்கு எடுத்துரைத்தார். தொழிலாளர் உரிமை பற்றிய திருமடலைத் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். 1892-இல் சென்னை அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் கேள்விப்படுவது இதுவே. பத்தாண்டுகளுக்கு அதனை விற்கக் கூடாது. பிறகும் அம்மக்களுக்குள்ளேதான் கைமாறலாம் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. பங்கு கைவிட்டுப் போகாதபடி காக்கும் லேவியராகமச் சட்டத்தின் சாயலை இதில் காண்கிறோம். ஆயினும் கடனும் வஞ்சகமும் புகுந்து, அந்நிலங்களில் பல பிறர் கைக்குப் போய்விட்டன. அவற்றை மீட்கும் போராட்டம் இன்றும் ஓயவில்லை. நாபோத்துக்கள் பழைய ஏற்பாட்டோடு முடிந்துவிடவில்லை.

களிமண்ணைப் பீங்கானாக்கிப் பிழைக்கும் விருத்தாசலத்தாருக்கு மண்ணின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கொடியேற்றமும் தேர்ப்பவனியும் யூபிலிக்கு அழகு சேர்க்கும். அதற்கு உயிர் தருவது நீதி. கிறிஸ்தவர்களுக்குரிய 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு தருகிறது. ஆனால் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும் நாளில், "அவளுக்குத்தான் சீர் செய்தாயிற்றே" என்று சொல்லி உடன்பிறந்தவளிடம் கையெழுத்து வாங்கும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டல்லவா? அவசரக் கடனுக்கு அண்டை வீட்டான் அடகு வைத்த மனைப் பத்திரம், வட்டியோடு வட்டி சேர்ந்து மீளாமல் நம் பெட்டியில் கிடக்கவில்லையா? வரப்பை ஆண்டுக்கு ஒரு சாண் நகர்த்தியவர் நம்முள் எவரும் இல்லையா?

ஒரு பத்திரம் திரும்பிப் போகட்டும்; ஒரு சகோதரிக்கு அவள் பங்கு கிடைக்கட்டும்; ஒரு வரப்பு பழைய இடத்துக்கு வரட்டும். அன்று நம் பங்கில் யூபிலிக் கொம்பு மெய்யாகவே ஊதப்பட்டதாகும். நமக்கெல்லாம் பங்கும் உரிமைப்பேறுமான ஆண்டவர் அவ்வரத்தை நமக்குத் தந்தருள்வாராக.