காலணா ரயில்

சென்னைப் பட்டணத்துத் தெருவில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895-ல். டிராம் 1953-ல் நின்றுபோய்விட்டது. என்றாலும் அதைப் பற்றிப் பேச்சு வந்தால் பழைய பட்டணவாசிகளின் குரல் சற்று உயரத்தான் உயரும். இப்போது மெட்ரோ ரயில் வந்துவிட்டது. 2015-ல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் நடுவே அது முதல் தடவையாக ஓடியபோது, தண்டவாளத்தை விட அதற்கு வாங்கிய ஜப்பான் கடனைப் பற்றித்தான் அதிகம் பேசிக்கொண்டார்கள். ரயில் என்றால் அப்படித்தான். வண்டியைப் பார்க்கிற கண், உடனே பணம் யாருடையது என்று தேடும்.

டிராமுக்கு ஒரு வருஷம் முன்னால், 1894 ஏப்ரல் 2-ந் தேதி, தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு சின்ன ரயில் கிளம்பிற்று. மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 54 மைல். மீட்டர் அகலப் பாதை. வேகமோ பகட்டோ கிடையாது. ஆனால் இதன் பணம் கடல் கடந்து வந்த பணமல்ல. தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலவரி கட்டுகிறவர்களிடம் ரூபாய்க்கு மூன்று தம்பிடி வீதம் ரயிலுக்கென்று தனி வரி வாங்கிற்று. மூன்று தம்பிடி என்பது காலணா. நூறு ரூபாய் கிஸ்தி கட்டுகிற மிராசுதார் ரயிலுக்கு ஒரு ரூபாய் ஒன்பது அணா அழவேண்டும். அழுதார்கள். பாதை போர்டின் சொத்தாயிற்று. வண்டி ஓட்டுகிற வேலையைத் தென்னிந்திய ரயில்வே கம்பெனி பார்த்துக்கொண்டது.

ஜில்லாவுக்கு ரயில் புதிதா என்றால், இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்பே வந்தாயிற்று. கிரேட் சதர்ன் ஆப் இந்தியா ரயில்வே கம்பெனி நாகப்பட்டினத்தில் 1859-ல் வேலையைத் தொடங்கி, 1861-ல் தஞ்சாவூருக்கும் 1862-ல் திருச்சினாப்பள்ளிக்கும் ரயில் விட்டுவிட்டது. அது லண்டன் கம்பெனி. போட்ட முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி நிச்சயம். வண்டியில் ஆள் ஏறாவிட்டால் குறைகிற பணத்தைச் சர்க்கார் கஜானா கொடுக்கும். இப்படி ஒரு வியாபாரம் நமக்கெல்லாம் வாய்க்குமா? அந்தப் பாதையை முதலில் அகலப் பாதையாகப் போட்டார்கள். 1875-ல் செலவு கட்டுப்படியாகவில்லை என்று மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் சென்றபின், மீட்டர் பாதை உதவாது என்று மறுபடியும் அகலமாக்கினார்கள். தையற்காரனிடம் கொடுத்த சட்டை மாதிரி ஒரே பாதை இறுகியும் தளர்ந்தும் வந்திருக்கிறது.

அது இருக்கட்டும். அந்த லண்டன் ரயில் போன திசையைக் கவனிக்கவேண்டும். திருச்சியிலிருந்து நாகப்பட்டினம், மேற்கிலிருந்து கிழக்கு. காவேரி போகிற திசையும் அதுதான். கல்லணையைத் தாண்டியதும் காவேரியும் வெண்ணாறும் பிரிந்து, பிரிந்தது மறுபடி பிரிந்து, விரித்துப் பிடித்த விசிறி போலக் கடலுக்குப் போகின்றன. ஆற்றங்கரையே சாலை. கரையோடு போனால் எந்த ஊருக்கும் போகலாம். நெல் வண்டியும் கரையோடுதான் போகும். ஆனால் வடக்கிலிருந்து தெற்கே போகவேண்டுமானால் ஒவ்வோர் ஆறாகக் குறுக்கே கடக்கவேண்டும். சித்திரையில் கவலையில்லை, மணலில் இறங்கி நடந்துவிடலாம். ஐப்பசி கார்த்திகையில் பாலமில்லாத துறையில் ஓடத்துக்காகக் காத்து நிற்கவேண்டும். ஓடக்காரன் மறுகரையில் சாப்பிடப் போயிருப்பான். திருவாரூரை ஒட்டி ஓடுகிற ஆற்றுக்கு ஓடம்போக்கி என்றே பெயர்.

மாயவரத்துப் பெண்ணைத் திருத்துறைப்பூண்டியில் கொடுத்தால், வரைபடத்தில் அது நாற்பது மைல்தான். ஆனால் மழை பிடித்துவிட்டால் தீபாவளிக்கு மாப்பிள்ளை வருவது சந்தேகம். அதே பெண்ணை மேற்கே கும்பகோணத்தில் கொடுத்தால் பயமில்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் சம்பந்தங்கள் ஆறு போகிற போக்கிலேயே நடந்தனவோ என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. நாவல் எழுதுகிறவனுக்கு இப்படி ஊகிக்கக் கொஞ்சம் உரிமை இருக்கிறதல்லவா?

காலணா ரயில் இந்தக் குறுக்கு வழியைத்தான் எடுத்துக்கொண்டது. வடக்கே மாயவரத்தில் புறப்பட்டால் வீரசோழனாறு, அரசலாறு, திருமலைராஜனாறு, முடிகொண்டான், வெட்டாறு, ஓடம்போக்கி. திருவாரூர் தாண்டினால் பாண்டவையாறு, வெள்ளையாறு, முள்ளியாறு, கோரையாறு. இவை பெயர் பெற்றவை. இவற்றுக்கு நடுவே பெயர் பெறாத வாய்க்கால்களும் வடிகால்களும் எத்தனையோ. மீட்டர் பாதை வண்டியில் அந்த வழியே போனவர்களுக்குத் தெரியும்: தடக் தடக் என்று மண்மேல் போகிற சத்தம் நிலைப்பதற்குள், கடகடவென்று பாலத்தின் சத்தம் வந்துவிடும். ஜில்லாக்காரர்கள் கொடுத்த காலணாவில் பாதி இரும்பாக வந்ததென்றால், மீதி பாலமாகத்தான் வந்திருக்கும்.

பாலம் கட்டுவதும் இங்கே எளிதல்ல. டெல்டா முழுவதும் ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். தோண்டிக்கொண்டே போனாலும் பாறை தட்டாது. அதனால் நம் பக்கத்து ஆறுகளில் அஸ்திவாரத்துக்குக் கிணறு இறக்குவார்கள். வட்டமாகச் செங்கல் சுவர் எழுப்பி, உள்ளே மணலை வாரிவிட, சுவர் தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். இறங்க இறங்க மேலே கட்டிக்கொண்டே போகவேண்டும். தண்டவாளத்துக்கு அடியில் பரப்பக் கருங்கல் ஜல்லி வேண்டுமே, அதுவும் டெல்டாவில் கிடையாது. மேற்கேயிருந்துதான் வந்து சேரவேண்டும். ராஜராஜன் கோயிலுக்கே கல் வெளியிலிருந்து வந்த சீமை இது.

பாலத்தை விடப் பெரிய சங்கடம் கரை. வயலுக்கு நடுவே தண்டவாளம் போடவேண்டுமானால் வெள்ளத்துக்கு மேலே மண்ணை உயர்த்தவேண்டும். கிழக்கு மேற்காக மண்ணை உயர்த்தினால் தண்ணீருக்கு அது கூட ஒரு கரை. பக்கத்தில் ஓடிக்கொண்டே போகும். வடக்கு தெற்காக உயர்த்தினால் அது அணை. மேற்கேயிருந்து வடிந்து கடலுக்குப் போகவேண்டிய தண்ணீர் அதில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். தஞ்சாவூர்க்காரனுக்குத் தண்ணீர் வராத துக்கம் ஒன்று. வந்த தண்ணீர் வடியாத துக்கம் இன்னொன்று. கடைமடைப் பகுதியில் இரண்டாவதுதான் கொடியது. பயிர் ஒரு வாரம் முழுகிக் கிடந்தால் அழுகிவிடும். ரயில் கரைக்கு எத்தனை கண்மதகு வைப்பது, எவ்வளவு அகலம் வைப்பது என்பது இஞ்சினீயருக்குச் செலவுக் கணக்கு. கரைக்கு மேற்கே நிலம் வைத்திருப்பவனுக்கு வருஷச் சாப்பாடு. தன் காலணாவில் போட்ட கரையே தன் வயலை முழுக அடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நிலை ஒரு மிராசுதாருக்கு வரமுடியும் என்பது இந்த ரயிலுக்கே உரிய வேடிக்கை.

ஆர்தர் காட்டன் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். 1836-ல் முக்கொம்பில் மேலணை கட்டி இந்த ஜில்லாவுக்குத் தண்ணீரை உறுதி செய்தவர் அவர். இந்தியாவுக்கு ரயில் வேண்டாம், படகு போகும் வாய்க்கால்களை வெட்டுங்கள் என்று கடைசி வரைக்கும் வாதாடினார். ரயில்காரர்கள் ஜெயித்துவிட்டார்கள். ஆனால் டெல்டாவில் வடக்கு தெற்காகப் படகு வாய்க்கால் வெட்டினால் எல்லா ஆறுகளையும் அதுவும் கடந்தாக வேண்டும். காட்டனுக்கும் அது தலைவலியாகத்தான் இருந்திருக்கும்.

அந்தக் காலத்தில் உலகத்தில் பல இடங்களிலும் இதே யோசனை ஓடிக்கொண்டிருந்தது. பெரிய கம்பெனி எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு மெல்லிய தண்டவாளம், சின்ன இஞ்சின், குறைந்த செலவு என்று லகுவான ரயில்களைப் போட்டார்கள். பெல்ஜியத்தில் 1884-ல் அதற்கென்றே ஒரு தேசியக் கம்பெனி ஏற்பட்டது. அயர்லாந்தில் 1883-ல் சட்டம் வந்தது. ரயிலில் நஷ்டம் வந்தால் அந்த வட்டாரத்து வரி செலுத்துகிறவர்கள் ஈடுகட்டவேண்டும். டிராலிக்கும் டிங்கிளுக்கும் நடுவே 1891-ல் ஓடத் தொடங்கிய மலை ரயில் அப்படிப்பட்டது. அது நஷ்டத்திலேயே ஓடிற்று. வண்டியில் ஏறாத குடியானவனும் வருஷா வருஷம் கட்டிக்கொண்டிருந்தான். தஞ்சாவூர் ரயிலுக்கு அந்தக் கதி வரவில்லை. நெல் இருந்தது, கோயில் இருந்தது, திருவாரூரில் தேர் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள்கூட 1898-ல் காரைக்காலிலிருந்து ஒரு கிளை போட்டுப் பேரளத்தில் கொண்டுவந்து இதோடு ஒட்டிக்கொண்டார்கள்.

இதைச் சுயாட்சி என்று கொண்டாடலாமா? எனக்குக் கொஞ்சம் தயக்கம். 1884-ம் வருஷச் சட்டப்படி அமைந்த ஜில்லா போர்டின் தலைவர் வெள்ளைக்காரக் கலெக்டர். சுற்றி உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள பெரிய மனிதர்கள். கிஸ்தியோடு காலணா கட்டியவர் மிராசுதார் என்பது ரிக்கார்டு. அந்தக் கிஸ்தியைக் கட்டுவதற்கான நெல்லை விளைவித்தது பண்ணையாள். அவன் பெயர் எந்த ரசீதிலும் கிடையாது. மிராசுதார் காலணா கொடுத்தார் என்றால், அந்தக் காலணா அவன் கால் பட்ட சேற்றிலிருந்துதான் வந்தது.

ஆனால் ரயில் வந்தபின் அந்தப் பண்ணையாள் செய்த ஒரு காரியத்தை மிராசுதார்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். திருவாரூரில் வண்டி மாறினால் நாகப்பட்டினம். நாகப்பட்டினத்தில் பினாங்குக்குக் கப்பல். மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் போன முக்கியமான துறைமுகம் அது. எந்த ஊரில் கங்காணி வந்து இரண்டு ராத்திரி தங்கினானோ, அந்த ஊரில் மூன்றாம் நாள் காலையில் நடவுக்கு நாலு ஆள் குறையும். அங்கே போனவர்களுக்குக் காத்திருந்தது சுகமல்ல. காடு, காய்ச்சல், கடன். இருந்தாலும் தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையில் கட்டுண்டு கிடந்தவனுக்கு, ‘போகலாம்’ என்ற ஒரு வார்த்தை கிடைத்தது. மூன்றாம் வகுப்பு டிக்கெட்டுக்கு அவன் கொடுத்த காசு, மிராசுதாரின் ஒரு ரூபாய் ஒன்பது அணாவை விட அவனுக்குப் பெரிய தொகை.

மூன்றாம் வகுப்புப் பெட்டியில் பலகை ஒன்றுதான். ஒட்டி உட்கார்ந்தாக வேண்டும். ஊருக்குள் எந்தத் தெருவில் யார் நடக்கலாம் என்று கணக்கு வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய இடைஞ்சல். அதற்குப் பரிகாரமாகவோ என்னவோ, தென்னிந்திய ரயில்வே ஸ்டேஷன்களின் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணர்களுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம் என்று தடுத்து வைத்திருந்தார்கள். பெரியாரின் போராட்டத்துக்குப் பின் 1940-களின் தொடக்கத்தில்தான் அந்தத் தடுப்பு போயிற்று. உட்காரச் சேர்த்து வைத்த ரயில், சாப்பிடப் பிரித்து வைத்தது.

வரி தொடர்ந்தது, பாதையும் நீண்டது. 1902-ல் பட்டுக்கோட்டை, 1903-ல் அறந்தாங்கி. தஞ்சாவூரைப் பார்த்து மற்ற ஜில்லா போர்டுகளுக்கும் ஆசை வந்தது. 1908-ல் கிருஷ்ணா ஜில்லா போர்டு பெஜவாடாவிலிருந்து மசூலிப்பட்டணத்துக்குப் போட்டது. 1915-ல் கோயமுத்தூர்க்காரர்கள் போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கும், 1923-ல் திருநெல்வேலிக்காரர்கள் திருச்செந்தூருக்கும் போட்டார்கள். பிறகு கம்பெனி போய் 1944-ல் சர்க்கார் வந்தது. 1951-ல் தெற்கு ரயில்வே வந்தது. 1958-ல் பஞ்சாயத்துச் சட்டம் வந்தபின் ஜில்லா போர்டே கலைந்துவிட்டது. காலணாவும் செல்லாக்காசாகிவிட்டது. ஸ்டேஷனில் நிற்கிற யாருக்கும் அந்தப் பாதையை ஜில்லாக்காரர்கள் போட்டார்கள் என்று தெரிய வழியில்லை. ஜில்லாதான் எங்கே இருக்கிறது? அறந்தாங்கி 1974-ல் புதுக்கோட்டைக்குப் போயிற்று. 1991-ல் நாகப்பட்டினம், 1997-ல் திருவாரூர், 2020-ல் மயிலாடுதுறை என்று தனித்தனி மாவட்டங்கள். ஒரு ஜில்லாவின் ரயில் இன்று நாலு மாவட்டங்களில் ஓடுகிறது. மாயவரத்துக்கே 1982 முதல் பெயர் மயிலாடுதுறை.

பக்கத்துக் கிளைகள் பட்ட பாட்டைப் பார்த்தால் இந்தப் பாதை பிழைத்ததே பெரிது. மன்னார்குடிக்கு நீடாமங்கலத்திலிருந்து போன ரயில் 1976-ல் நின்று, 2011-ல்தான் திரும்ப வந்தது. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-ல் வந்த ரயில் 1986-ல் நின்றது நின்றதுதான். பஸ் வந்துவிட்டது, லாரி வந்துவிட்டது, இனி ரயில் எதற்கு என்றார்கள்.

காலணா ரயிலுக்கும் ஒரு இடைவெளி வந்தது. அகலப் பாதையாக்குவதற்காக மீட்டர் பாதையைப் பெயர்த்தார்கள். மயிலாடுதுறை, திருவாரூர் பகுதி 2012-ல் தயாராயிற்று. திருவாரூருக்குத் தெற்கே பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாகக் காரைக்குடி வரைக்கும் போகிற பகுதிக்கு ஜனங்கள் 2019 ஜூன் வரை காத்திருந்தார்கள்.

அந்த 2019-ல் வண்டி ஓடிய விதத்தைச் சொல்லவேண்டும். புதுத் தண்டவாளம், புது டீசல் வண்டி. ஆனால் சாலைகளின் குறுக்கே இருந்த கேட்டுகளுக்கு ஆள் போடவில்லை. அதனால் கேட்காரர்களை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னாலும் வண்டி நிற்கும். முன்னாலிருந்து ஒருவர் இறங்கிப் போய்க் கேட்டைச் சாத்துவார். வண்டி கடந்து போய் மறுபடி நிற்கும். பின்னாலிருந்து ஒருவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு, ஓடி வந்து ஏறிக்கொள்வார். அடுத்த கேட் வரும். திருவாரூரிலிருந்து காரைக்குடிக்குச் சுமார் 150 கிலோமீட்டர்; ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் பிடித்தது. பஸ்ஸில் போனால் அதில் பாதி நேரத்தில் போய்விடலாம் என்று சொல்லிக்கொண்டே வண்டியில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே முள்ளியாறும் கோரையாறும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்த இடங்களில் மட்டும் கேட் இல்லை; வண்டி நிற்காமல் கடந்தது.