அரிசிப் பானையும் குதிரும்

அன்றாடம் வேண்டும் அரிசி அடுப்பங்கரைப் பானையில் இருக்கும்; நெல்லோ குதிரில் கிடக்கும். பானை கைக்கெட்டுவது, ஆயின் சிறியது. குதிர் பெரியது, ஆயின் போய்வர நேரமாகும். கணிப்பொறியின் வரலாற்றிலும் இத்தொல்லை தொடக்கத்திலேயே தோன்றிற்று.

1950-களில் விரைந்த நினைவகம் விலைமிக்கது, அளவிற் சிறியது. பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கி, எத்துண்டு எப்பொழுது சுழல் உருளையிலிருந்து நினைவகத்துக்கு வரவேண்டும் என்பதை நிரல் எழுதுவோரே வகுக்க வேண்டியிருந்தது.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் இச்சுமையைப் பொறியிடமே ஒப்படைத்தனர். அவர்கள் அமைத்த 'அட்லஸ்' கணிப்பொறி 1962 டிசம்பர் 7-இல் தொடங்கிவைக்கப்பெற்றது. 512 சொற்கள் கொண்டது ஒரு பக்கம். நினைவகத்தில் 32 பக்கங்களுக்கே இடம். வேண்டிய பக்கம் அங்கில்லையெனில், பொறியே அதனை உருளையிலிருந்து கொணரும். விரைவில் தேவைப்படாதது எதுவெனக் கணித்து, அப்பக்கத்தை வெளியேற்றும். நிரல் எழுதுவோர்க்கு இரு சேமிப்புகளும் ஒன்றேபோல் தோன்றின.

இக்கருத்தின் வழித்தோன்றலே இன்றைய 'ஸ்வாப்' என்னும் மாற்றிடம். 1991-இல் பிறந்த லினக்ஸில் பல வட்டுகளில் மாற்றிடம் அமைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் முன்னுரிமை எண் தரலாம். பெரிய எண்ணுடையது முதலில் நிரம்பும். எண்கள் சமமாயின் பக்கங்கள் முறைவைத்துப் பகிரப்படும். ஒத்த வேகமுள்ள வட்டுகளுக்கு அது நன்று. எண்ணே தராவிடில், முதலில் இயக்கப்பட்டதற்கு முதலிடம் கிடைப்பதே நெடுங்கால வழக்கமாயிருந்தது.

இவ்விதியை நான் கற்றது ஒரு மாணவியிடம். எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்கென இருந்தது ஒரே கணிப்பொறி. அது ஊர்ந்தது. கழித்துவிடலாம் எனக் குழுவினர் எழுதிய தாளில் நானும் ஒப்பமிடவிருந்தேன். அம்மாணவி, "ஐயா, ஒரு நாள் பொறுங்கள்" என்றாள். பழைய சுழல் வட்டின் மாற்றிடம் முதலில் இயங்கியது. பின்னர் சேர்த்த விரைந்த திடநிலை வட்டினுடையது வாளாவிருந்தது. அவள் விரைந்ததற்கு 10, பழையதற்கு 5 என எண் கொடுத்தாள். பொறி பிழைத்தது, தாளை நான் கிழித்தேன்.

எனினும் மாற்றிடம் நினைவகம் ஆகாது. தேவை மிகுந்தால், பொறி பக்கங்களைக் கொணர்வதிலும் அனுப்புவதிலுமே காலங்கழிக்கும். இந்நோயைப் பீட்டர் டென்னிங் 1968-இலேயே ஆராய்ந்து விளக்கினார். அதற்கு மருந்து கூடுதல் நினைவகம், அன்றேல் குறைந்த வேலை.

முப்பதாண்டுகளுக்கு மேல் பள்ளியில் பணிசெய்தவன் நான். மந்தமானவன் என்று எத்தனை பிள்ளைகளைத் தள்ளியிருப்பேன்! குறை பிள்ளையிடமா, நாம் வகுத்த வரிசையிலா என்று முதலிற் பார்த்தேனா? அந்தக் கேள்வி இன்றும் என்னை விட்டகலவில்லை. ஒப்பமிடுமுன் ஒரு நாள் பொறுங்கள், செல்வங்களே!